தலையைத் தாழ்த்தியதும் பிரஷர் ஏறினால் முதலில் மூச்சு டியூபைப் பாருங்கள்

வணக்கம் டாக்டர். லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பை அகற்றும்போது, வயிற்றில் வாயு ஏற்றித் தலையைத் தாழ்த்தியதும் பீக் பிரஷர் (வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது எட்டும் உச்ச அழுத்தம்) 18-லிருந்து 34-க்குப் போய், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 93 சதவீதத்துக்கு இறங்கியது என்று எழுதியிருந்தீர்கள். டைடல் வால்யூமை, அதாவது ஒரு மூச்சுக்குச் செலுத்தும் காற்றின் அளவைக் கூட்டலாமா என்றால், தயவுசெய்து வேண்டாம்.

ஆக்சிஜனைக் கூட்டிவிட்டு, ஸ்டெத்தை வைத்து இரண்டு பக்கமும் கேளுங்கள். உதரவிதானம் மேலே தள்ளப்படும்போது மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடமும் கூடவே மேலேறும். டியூப் பிளாஸ்திரி ஒட்டிய இடத்திலேயே நிற்கும். உதட்டருகே அதே 21 செ.மீ. குறி தெரிந்தாலும், நுனி வலது கிளைக்குள் போயிருக்கலாம். இடப்பக்கம் சத்தம் குறைவென்றால் கஃப்பை (டியூப் நுனியருகே உள்ள காற்றுப் பையை) இறக்கி, ஒன்றிரண்டு செ.மீ. வெளியே இழுத்து, மறுபடி கேளுங்கள்.

இரண்டு பக்கமும் சமம் என்றால் பிளாட்டோ பிரஷர் (மூச்சை உள்ளே செலுத்தி, ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) பாருங்கள். அது ஏறவில்லையென்றால் டியூப் மடிப்பு, சளி போன்ற அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் நுரையீரல் விரிய இடமில்லை: உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குக் டைடல் வால்யூம் கிலோவுக்கு 6–8 மி.லி. போதும், ரத்த அழுத்தம் தாங்கினால் ரெக்ரூட்மென்ட் (சுருங்கிய நுரையீரலைச் சற்று நேரம் கூடுதல் அழுத்தத்தில் விரிப்பது) செய்து பீப்பை (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தத்தை) கூட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூச்சு ரேட்டைக் கூட்டலாம்.

அப்படியும் சரியாகாவிட்டால் வயிற்றின் வாயு அழுத்தத்தை 12 mmHg-க்குக் கீழே இறக்கவும், சாய்வைக் குறைக்கவும் சர்ஜனிடம் கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் பலரும் தயங்குவது இந்த இடத்தில்தான். சத்தமாகவே சொல்லுங்கள்.