ரப்பர் விளையும் பவர் பத்திரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குலசேகரம் பக்கம் அப்பா வழியில் வந்த 80 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கிறது. "பொதுப் பவர் எழுதித் தாருங்கள், நீங்கள் ஊருக்கு வரவே வேண்டாம், எல்லாம் நானே முடித்துப் பணத்தை அனுப்பிவிடுகிறேன்" என்கிறார் புரோக்கர். தரலாமா?
– ஒரு வாசகர், குவைத்

பதில்: தர வேண்டாம். வாங்க ஆள் பிடிப்பது புரோக்கர் வேலை. கையெழுத்துப் போட உங்கள் அண்ணன், தங்கை, மச்சான் என்று உங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஒருவர் இருக்கட்டும். பணம் நேராக உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வரட்டும். இந்த மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்தால் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சென்டுக்கு உங்களிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் ஒரு விலை சொல்லி இடையில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். அல்லது சிறு அட்வான்ஸ் கொடுத்துத் தங்கள் ஆள் பெயரில் நீண்ட கெடுவோடு அக்ரிமென்ட் போட்டு, அதைக் காட்டியே வேறு ஆள் தேடுவார்கள். அதுவரை உங்கள் நிலம் கட்டுண்டு கிடக்கும்.

பொதுப் பவருக்குப் பதில் இந்த ஒரு சொத்துக்கு மட்டுமான சிறப்புப் பவர் எழுதுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை எல்லாம் அதில் வேண்டும். சென்டுக்கு இன்ன விலைக்குக் குறையாமல் விற்க வேண்டும், தொகை முழுவதும் இன்ன வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்த வேண்டும், ஏஜெண்டு தன் அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றக் கூடாது, முழுத்தொகை வராமல் நிலத்தின் சுவாதீனம் (அனுபவ உரிமை) தரக் கூடாது, இன்ன தேதியோடு பவர் முடியும் என்று ஐந்து வரியும் இருக்கட்டும். கணக்கு எண்ணைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் வாங்குபவரின் வக்கீலே அதற்குக் காவல் நிற்பார்.

அங்கே இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்தப்பட வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் என இரண்டு பதிவு மாவட்டங்கள் உண்டு. உங்கள் நிலம் எதில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் வந்த கூரியர் உறையைக் கிழித்தெறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பவர் எழுதி 30 நாள் கழிந்து கிரையம் பதிவதானால், நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும் என்பதே காரணம். அந்தச் சான்றைக் கிரையத் தேதி உறுதியான பிறகு எடுங்கள். முன்கூட்டி எடுத்தால் மறுபடி அலைய வேண்டிவரும்.

லீவில் வரும்போது இங்கேயே பவர் பதிவதென்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்தார் அல்லாதவருக்கு விற்கும் அதிகாரம் தந்தால், 2023 ஜூலை 10 முதல் பதிவுக் கட்டணமே சந்தை மதிப்பில் 1 சதவீதம். குடும்பத்தாருக்கே எழுத இதுவும் ஒரு காரணம்.

விலை பேசுவதற்கு முன்பே காகிதங்களைச் சரிபாருங்கள். 1956-க்கு முன் நாம் திருவிதாங்கூர். மூலப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கலாம். கொல்லம் 1110 என்றால் 1934 ஆவணி முதல் 1935 ஆடி வரை. பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்று காட்ட முடியாமல்தான் பல கிரையங்கள் நின்றுபோகின்றன. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று கொடுத்து முதலில் மாற்றுங்கள். மலையோர நிலம் என்பதால், தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட சர்வே எண்ணா என்றும் கேளுங்கள். ஆமென்றால் மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா 1979-இல் உயில் எழுதாமல் இறந்தார்; அம்மாவும் இல்லை. பட்டா இரண்டு அண்ணன்மார் பெயரில். கல்யாணத்துக்கு நகை போட்டதால் எனக்குப் பங்கில்லை என்கிறார்கள். ஆனால் வாங்குபவரின் வக்கீல் என் கையெழுத்து வேண்டும் என்கிறாராம். அண்ணனுக்கே பவர் எழுதி அனுப்பட்டுமா?
– ஒரு வாசகி, மஸ்கட்

பதில்: வக்கீல் சொல்வதுதான் சரி. 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் மகளுக்குத் தந்தது. அண்ணன்மார் மனதில் இருப்பது அந்தப் பழைய கணக்கு. அந்தச் சட்டத்தை எதிர்த்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி மகனும் மகளும் சமம். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அதில் பெயர் இல்லாததால் உங்கள் உரிமை போய்விடாது.

அண்ணனுக்குப் பவர் தராதீர்கள். பங்கே இல்லை என்று சொல்பவரிடம் உங்கள் பங்கை விற்கும் உரிமையை எப்படி ஒப்படைப்பது? உங்கள் தரப்பு ஆளுக்குத் தனிப் பவர் தந்து, விற்பவர்களில் ஒருவராகக் கிரையத்தில் சேருங்கள். உங்கள் பங்குத் தொகை தனிக் காசோலையாக, அதன் எண்ணோடு பத்திரத்தில் ஏறட்டும். அண்ணன்மாருக்கே விட்டுக்கொடுக்க மனமிருந்தால், தொகையைப் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதலாம். இடையில் பாகப்பிரிவினை ஏதும் பதிவாகி இருக்கிறதா என்று மட்டும் வில்லங்கச் சான்றில் முதலில் பாருங்கள். இருந்தால் வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

கேள்வி: விற்கும்வரை தோட்டத்தைப் பால்வெட்டுபவரே பார்த்துக்கொள்கிறார். தூரத்திலிருந்து எதைக் கவனிப்பது?
– ஒரு வாசகர், தோகா

பதில்: வெட்டுப் பட்டையைக் கவனியுங்கள். விளை கைமாறப் போகிறது என்று தெரிந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டும் ஆசை வரும். மாதம் ஒருமுறை, அதே பத்து மரங்களின் பட்டையை, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன மாதப் படத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பட்டை தீர்ந்தது என்று தெரியும். கத்தி பட்டையைத் தாண்டித் தடிவரை (உள்கட்டைவரை) இறங்கினால் பட்டை திரும்ப வளரும்போது முண்டு முண்டாக வரும். விவரமுள்ளவர் அதைத் தடவிப் பார்த்தே விலையைக் குறைப்பார். ரப்பர் ஷீட்டுக்குக் கணக்குக் காட்டி, ஒட்டுப்பாலை (வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) கணக்கில் விட்டுவிடுவதும் வழக்கம். இரண்டுக்கும் கடை பில் கேளுங்கள். அக்ரிமென்ட் போட்ட நாள் முதல் பதிவு நாள் வரை பால் யாருக்கு என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதுங்கள்.

கேள்வி: தக்கலையில் வீடு, 38 லட்சம் பேசியிருக்கிறோம். 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டாம் என்கிறார் புரோக்கர்.
– ஒரு வாசகர், துபாய்

பதில்: அந்த 50 லட்சம் வரம்பும் 1 சதவீதமும் உள்நாட்டில் வசிப்பவர் விற்றால்தான். வெளிநாடுவாழ் இந்தியர் விற்றால் தொகை எவ்வளவானாலும் பிடித்தம் உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதமும், அந்த வரி மீது 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 13 சதவீதம். லாபம் குறைவாக இருந்தாலும் முழு விலையின் மீதே பிடித்துவிடுவார்கள். அதனால் அக்ரிமென்ட் போட்டதும், பதிவுக்கு முன்பே, வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். விலையில் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 20,000 ரூபாய் தொட்டாலே வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். அபராதம் வாங்கிய உங்களுக்குத்தான், புரோக்கருக்கு அல்ல.