டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்ததும் கார் சுழன்றது பற்றி

ரேஸ் டிராக்கில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் பிடி இழந்து வெறுமனே சுழலாமல் தானாகத் தடுக்கும் அமைப்பு) அணைத்து ஓட்டினீர்கள், 2-வது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் வழுக்கியது, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் முழுதாகச் சுழன்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காலைச் சட்டென்று எடுத்ததுதான் வினை. அப்படி விட்டால் எடை முன்சக்கரங்கள் மேல் சாய்கிறது. ஏற்கெனவே பிடி இழந்த பின் டயர்களுக்கு இன்னும் பிடி குறைகிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பார்வை போக வேண்டிய திசையில் இருக்கட்டும், கை தானாக ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பும். அப்புறம் பின்பக்கம் பிடிக்கத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் வீசும்.

அடுத்த முறை அதே வளைவில் 3-வது கியரில் வாருங்கள், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறையும். டயர் சூடாகும்வரை கன்ட்ரோலை அணைக்காதீர்கள். பொதுச்சாலையில் வேண்டவே வேண்டாம், தயவுசெய்து.