சொந்த ஊர் மீதுள்ள பாசம், அழிந்துபோன நீர்நிலையை மீட்க உதவுமா, இல்லை அது வெறும் உணர்ச்சிதானா?

உதவும். ஆனால் நாங்கள் முதலில் காட்டிய பாசம் உதவவில்லை.

எனக்குச் சிவகங்கை மாவட்டம். ஊர்க் கண்மாயில் (ஏரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) நீச்சல் பழகியவன். சில வருடங்களுக்கு முன், வெளியூரில் இருக்கும் நாங்கள் இருபது பேர் வாட்ஸ்அப்பில் சேர்ந்து பணம் போட்டோம். கண்மாயில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினோம். கரையில் நின்று படம் எடுத்தோம், மரக்கன்று வைத்தோம் (அதை ஆடு தின்றது). அந்த ஐப்பசியில் நல்ல மழை. பக்கத்து ஊர்க் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போனது. எங்களுடையதில் முழங்கால் தண்ணீர்.

"தண்ணி வந்து சேர்ற வரத்துக்காலை விட்டுட்டுக் கண்மாயை மட்டும் வெட்டி என்னடா பிரயோசனம்?" என்றார் அப்பத்தா. சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். மேல்கண்மாய் நிறைந்தால் உபரி நீர் வழியும் கலுங்கிலிருந்து தண்ணீர் எந்தப் புஞ்சை ஓரமாக வரும், எந்தப் பாறையில் திரும்பும் என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார். நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகலை வாங்கிப் பார்த்தால் அவர் சொன்ன கோடு அப்படியே இருந்தது. தரையில்தான் இல்லை. இரண்டு இடத்தில் மேடாக்கி உழுதிருந்தார்கள். ஒரு இடத்தில் தார்ச்சாலைக்கு அடியில் போகும் குழாய் மண்மூடிக் கிடந்தது.

கரிமூட்டம் போட்டு, அதாவது விறகை எரித்துக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்களும் ஊரில் உண்டு. நாங்கள் திட்டித் தீர்த்த சீமைக்கருவேலம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வண்டியை இறக்கியிருந்தோம். கண்மாய் மீது அவர்களுக்குப் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் பக்கம் கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பவை. மேலே நிறைந்தால்தான் கீழே வரும். ஊர்ப்பாசம் முற்றினால் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கில் மணல் மூட்டை அடுக்குவார்கள். கீழ் ஊர் காயும். ஊர் எல்லையோடு பாசம் நின்றுவிடுகிறது, தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.

நல்ல உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆட்சியரிடம் உத்தரவு வாங்கியவர்கள். அங்கே எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பாசத்தோடு இப்படி ஒரு கணக்கும் இருப்பதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த கோடையில் வரத்துக்காலை வெட்டினோம். உழுதவர்களில் ஒருவர் எனக்கு மாமா முறை. மூன்று நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம், அப்புறம்தான் வழி விட்டார். மூட்டம் போடுபவர்களே முளைத்த கருவேலங்கன்றைப் பிடுங்கிக் கொடுத்தார்கள், கூலிக்குத்தான்.

போன ஐப்பசியில் மடை வரை தண்ணீர் ஏறியது. மறுகால் போகவில்லை. தார்ச்சாலைக் குழாய் இன்னும் பாதி அடைப்புதான்.