நாலு லட்சத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டால் பழைய ஃபிளாட் விற்குமா?

கேள்வி: குரோம்பேட்டையில் எங்களுக்கு 850 சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், கடைசி மாடி. 2005-ல் புதிதாக வாங்கியது. கணவர் ரிடையர் ஆகிவிட்டார். இதை விற்றுவிட்டு ஸ்ரீரங்கத்தில் என் தங்கை வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்றிருக்கிறோம். ஆறு மாதமாகப் பார்ட்டிகள் வருகிறார்கள், "சொல்லி அனுப்புறோம்" என்று போகிறார்கள், அதோடு சரி. மகனுக்குத் தெரிந்த இன்டீரியர்காரர் வந்து பார்த்தார். ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், டிவி யூனிட், மாடுலர் கிச்சன் எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆகும், விலை பத்து லட்சம் ஏறும் என்கிறார். புரோக்கரோ "ஒண்ணும் செய்யாதீங்க, விலையைக் குறைங்க, தள்ளிடலாம்" என்கிறார். இதற்கிடையில் ஹாலில் இருக்கும் மாமனார் மாமியார் படங்களையும் பூஜை அலமாரியையும் எடுத்துவிடச் சொல்கிறான் மகன், அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

- ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்:

அந்த நாலு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். புரோக்கர் சொன்னதையும் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஃபிளாட்டை வாங்கப் போவது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வங்கிக் கடனை நம்பி முதல் வீடு தேடுகிற ஒரு குடும்பம். 50 லட்சம் விலை என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் போகிற கடன் என்றால் வங்கி மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், மீதி 10 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். அப்புறம் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு நாலரை லட்சம், அதுவும் சொந்தக் காசுதான். நகையை அடகு வைத்து, பிஎஃப் எடுத்து, மச்சானிடம் கேட்டு அந்தப் பணத்தைப் புரட்டுகிற மனிதர் உங்கள் ஹாலில் நின்றுகொண்டு மனசுக்குள் ஒரே கணக்குதான் போடுவார்: குடி வந்த பிறகு இந்த வீடு இன்னும் எவ்வளவு கேட்கும்? குழாய் ஒழுகுகிறதா, சுவரில் ஓதம் இருக்கிறதா, ஒயரிங் பழசா என்றுதான் அவர் கண் போகும். உங்கள் டிவி யூனிட் அந்தக் கணக்கில் வரவே வராது. மாடுலர் கிச்சனோ, எந்த மகராசி வந்தாலும் தன் வசதிக்கு இடித்து மாற்றிக்கொள்ளப் போகிற இடம்.

பத்து லட்சம் ஏறும் என்பதும் நடக்காத காரியம். வங்கியிலிருந்து மதிப்புப் போட வருகிற இன்ஜினியர் உங்கள் யுடிஎஸ், அதாவது அடுக்ககம் நிற்கிற நிலத்தில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு, அந்தத் தெருவில் நில விலை என்ன, கட்டடத்துக்கு எத்தனை வயசு, எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்ப்பார். வால்பேப்பருக்கு அவர் மார்க் போட மாட்டார். அவர் எழுதுகிற மதிப்பு ஏறாவிட்டால் கடனும் ஏறாது, நீங்கள் கூட்டிச் சொன்ன தொகை முழுவதும் வாங்குகிறவரின் காலியான கையிலிருந்துதான் வர வேண்டும். வராது.

ஃபால்ஸ் சீலிங்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி மாடி ஃபிளாட்டுக்கு வருகிற விவரம் தெரிந்த ஆள் உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார், மழைக்கறை இருக்கிறதா என்று. இருபது வருடத்துக்கு மேல் ஆன கட்டடத்தில் அந்த இடத்தில் பளபளவென்று புது ஜிப்சம் போர்டு இருந்தால், "எதையோ மூடியிருக்காங்க" என்றுதான் தோன்றும். காசையும் கொடுத்து சந்தேகத்தையும் விலைக்கு வாங்குவது எதற்கு? உயரமும் அரை அடிக்கு மேல் போய்விடும், ஏற்கெனவே வெயில் இறங்குகிற மேல் மாடி அறை இன்னும் தாழ்ந்து தெரியும்.

புரோக்கர் கதைக்கு வருவோம். அவருக்கு 2 சதவீதம் கமிஷன் என்று வைத்தால், நீங்கள் மூன்று லட்சம் குறைத்தால் அவருக்கு நஷ்டம் 6,000 ரூபாய். உங்களுக்கு மூன்று லட்சம். அவருக்கு வேண்டியது இந்த மாதமே வியாபாரம் முடிவது. கெட்ட மனிதர் என்று சொல்லவில்லை, அவர் தொழில் அப்படி.

சரி, காசை எங்கே போடலாம்? முதலில் தண்ணீர் விஷயம். உங்கள் கடிதத்தில் மேல் மாடி என்று எழுதியிருக்கிறீர்கள், கசிவு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒன்றுமே இல்லையென்றால் சந்தோஷம், ஆனால் இந்த வயசுள்ள கட்டடத்தில் அது அபூர்வம். மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்: தட்டோடுகளுக்கு நடுவே சிமென்ட் விட்டுப்போயிருக்கிறதா, மழைத்தண்ணீர் போகிற வாய் இலை தழையால் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் ஓடுகிறதா, அதில் அரசங்கன்று ஏதாவது முளைத்து வேர் விட்டிருக்கிறதா, மேல்நிலைத் தொட்டியின் அடியில் ஈரம் இருக்கிறதா. சந்தேகமிருந்தால் தண்ணீர் போகும் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீரை ஒரு நாள் தேக்கி வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்குள் வந்து கூரையைப் பாருங்கள், தெரிந்துவிடும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, அதனால் அந்தச் செலவு குடியிருப்போர் சங்கத்தோடது. கீழ் வீட்டுக்காரர்கள் "எங்களுக்கென்ன" என்பார்கள், அதுவும் தெரிந்ததுதான். கடைசி மாடி ஃபிளாட் குறைந்த விலைக்குப் போனால் அடுத்து விற்கிறவரிடம் அந்த விலையைத்தான் புரோக்கர் உதாரணம் காட்டுவார் என்று எடுத்துச் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்கள். பாத்ரூமையும் அதே மாதிரி தண்ணீர் தேக்கிப் பார்த்து, டைல்ஸ் இடுக்கில் புதிதாக எபாக்சி போடச் சொல்லுங்கள்.

கசிவை நிறுத்தாமல் பெயின்ட் அடிப்பது சுத்த வீண். சுவரில் உப்புப் பூத்து உதிர்கிற இடத்தைச் சுரண்டிவிட்டு, ஈரம் காயும்வரை அப்படியே விட வேண்டும். அது வாரக் கணக்கில் இழுக்கும், பெயின்டர் அவசரப்படுத்துவார், விடாதீர்கள். காய்ந்த பிறகு பட்டி, பிரைமர், அப்புறம் இரண்டு கோட்டிங் எமல்ஷன். கூரைக்கு வெள்ளை, சுவருக்கு எல்லா அறையிலும் ஒரே சந்தன வெள்ளையோ அதுபோல வேறு ஏதாவது லேசான நிறமோ போதும். ஒரு சுவருக்கு மட்டும் ஊதா, ஆரஞ்சு என்று அடிக்கிற பழக்கம் ஒன்று உண்டே, அது உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் அதை மறைத்துவிடுங்கள். வாசல் கதவு தேக்காக இருந்தால் அதன் மேல் பெயின்ட் அடிக்க விடாமல் தேய்த்து பாலிஷ் போடுங்கள். நல்ல தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்து சந்தோஷப்படுகிற ஆட்கள் நம் ஊரில் நிறைய.

இந்த வேலையெல்லாம் ஆடி மாதத்தில் நடந்தால் ரொம்பவே சௌகரியம். ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், வந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள், அதனால் வீடு கலைந்து கிடந்தாலும் நஷ்டமில்லை. ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் சென்னையில் சுவர் காயாது.

அடுத்தது காலி செய்வது, இதற்குச் செலவே இல்லை, ஆனால் கை வலிக்கும். அமெரிக்காவில் விற்கப் போகிற வீட்டை அலங்கரித்துக் கொடுப்பதே தனித் தொழில். காலி வீட்டுக்கு சோபா, கட்டில், படம், பூச்சாடி எல்லாம் வாடகைக்குக் கொண்டுவந்து போட்டு, விற்றதும் திரும்ப எடுத்துப் போவார்கள். நமக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சாமான் ஏற்கெனவே கழுத்து வரை இருக்கிறது. பரணில் பழைய கிரைண்டர், பையனின் ஸ்கூல் நோட்டு, கல்யாணத்தில் வந்து பிரிக்காத குக்கர், பால்கனியில் ஓட்டாத சைக்கிள், கட்டிலுக்கு அடியில் நாலு சூட்கேஸ், இதெல்லாம் இல்லாத வீடு எனக்குத் தெரிந்து கிடையாது. எப்படியும் ஸ்ரீரங்கத்துக்கு மூட்டை கட்டத்தானே போகிறீர்கள், அதில் பாதியை இப்போதே கட்டுங்கள். வேண்டாததை பழைய சாமான்காரரிடம் போடுங்கள், வேண்டியதைப் பெட்டி கட்டி தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பரணைக் கட்டாயம் காலியாக வையுங்கள், வருகிற அம்மாக்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள், காலிப் பரண் அவர்களுக்குப் பிடித்த காட்சி. பால்கனியில் துணிக்கொடியை மடக்கிவிட்டு இரண்டு தொட்டிச் செடி போதும். வாசலுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டு வழியை மறைத்தால் உள்ளே எடுத்து வையுங்கள். மாடிப்படி விளக்கு எரியாவிட்டால் நீங்களே ஒரு பல்பு வாங்கிப் போடுங்கள், சங்கம் போடும் என்று காத்திருக்க வேண்டாம்.

விளக்கைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எல்இடி பல்பு அட்டைப்பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற கெல்வின் கணக்கு போட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, புதுச் சுவரையே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி காட்டும். ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000, படுக்கையறைக்கு 3000 வாங்குங்கள். சில நூறு ரூபாய் வேலைதான், இன்டீரியர்காரர் சொன்ன மொத்தத்தையும்விட இதில் வித்தியாசம் தெரியும்.

பாத்ரூமில் போர் தண்ணீரின் உப்புக்கறை இருக்கும். டைல்ஸ் என்றால் வினிகர் ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தாலே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மார்பிள் இருந்தால் எந்த ஆசிட்டும் வேண்டாம், கல்லையே அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டுத் தேய்க்க வேலையாட்களை விடவே விடாதீர்கள், வருகிற குளோரின் வாயு மூச்சை அடைக்கும், விளையாட்டில்லை. சிவந்துபோன குழாய், ஆடுகிற தாழ்ப்பாள், கிழிந்த கொசுவலை இவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள். இத்தனைக்கும் சேர்த்து, பெயின்டோடு, ஒரு லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்களும் பூஜை அலமாரியும். உங்கள் மகன் எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டுச் சொல்கிறான் என்று நினைக்கிறேன். பூஜை அலமாரி இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கும் பழைய காலண்டரும் இல்லாமல் துடைத்து வைத்தால் போதும், அதைப் பார்த்து யாரும் வீடு வேண்டாம் என்று போக மாட்டார்கள், வேறு மதத்துக்காரர்கள் வந்தாலும் அங்கே அவர்கள் புத்தக அலமாரியைத்தான் பார்ப்பார்கள். மாலை போட்ட படங்களை மட்டும் ஹாலிலிருந்து உங்கள் படுக்கையறைக்கு மாற்றுங்கள். நம் மக்கள் அதைப் பார்த்ததும் "இந்த வீட்டிலேயா?" என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கேட்டாலாவது பதில் சொல்லலாம். பெயின்ட் அடிக்க எப்படியும் எல்லாப் படத்தையும் கழற்றத்தான் வேண்டும். திரும்ப மாட்டும்போது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்கள் வருகிற அன்று காலை பதினோரு மணிக்குள் வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் சாயங்காலம். உச்சி வெயிலில் கடைசி மாடியைக் காட்டாதீர்கள். சூடு தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றே சொல்லுங்கள், மாடியில் வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் கூட்டிப் போய்க் காட்டுங்கள். தொட்டி நிரம்பி இருக்கட்டும், அவர்கள் குழாயைத் திறந்துதான் பார்ப்பார்கள். ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்த வேண்டாம், ஜன்னலை எல்லாம் திறந்து வையுங்கள். நீங்கள் கூடவே போய் ஒவ்வொரு அறையாக விளக்கம் சொல்லாமல், புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நின்று பேசிக்கொள்ள ஐந்து நிமிஷம் விடுங்கள்.

2015 டிசம்பரில் தெருவில் தண்ணீர் நின்றதா என்று கட்டாயம் கேட்பார்கள். நின்றிருந்தால் எதுவரை என்று உள்ளதைச் சொல்லுங்கள். வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்று 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவிலேயே இருக்கிறது. கசிவை சரிசெய்ததற்கு பில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஒரு ஃபைலில் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பிளான் அனுமதி, ஈபி அட்டை, மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று சங்கத்தின் கடிதம் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். சொத்து வரி ரசீது பழையது பல்லாவரம் நகராட்சி பெயரில் இருக்கும், 2021-க்குப் பிறகு தாம்பரம் மாநகராட்சி. இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் என்று தெரிகிற மாதிரி பழைய எண்ணையும் புது எண்ணையும் சேர்த்து வைத்தால் வங்கி வக்கீல் கேள்வி கேட்டுக் காலம் கடத்த மாட்டார்.

இதையெல்லாம் முடித்து ஆவணியில் புதிதாகப் படம் எடுத்து, பகல் வெளிச்சத்தில், போனைக் குறுக்காகப் பிடித்து, விளம்பரம் கொடுங்கள். பழைய படங்களை எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆறு மாதமாக அதையே பார்த்தவர்கள் "இன்னும் விற்கலையா" என்று தள்ளிப் போய்விடுவார்கள். மார்கழிக்குள் படியவில்லை என்றால் தையில் விலையைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை குறைக்கத் தயார் என்கிற விஷயம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், புரோக்கரிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லிவிடாதீர்கள்.