குமரிமுனைப் படத்தில் கடல் எங்கே?

தக்கலை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தாத்தா வீட்டு மச்சில் கண்ணாடி போட்ட பழைய படம் கிடைத்தது. அடியில் ஆங்கிலத்தில் 'கேப் கொமரின்', 'டேனியல்' என்று இருக்கிறது. படத்தில் மலைதான், கடலைக் காணோம். போலியா? தாளில் பழுப்புப் புள்ளிகள் வேறு. துடைக்கலாமா?"

கடல் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்காதீர்கள். தலைப்பை முழுதாகப் படியுங்கள். 'களக்காட்டருகே எடுத்தது' என்றும் இருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பார்த்த காட்சி அது. போலி செய்கிறவன் என்றால் கடலையும் பாறையையும் போட்டிருப்பான்!

வரைந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். 1785-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியபோது பையனுக்கு 16 வயது. 1792-இல் தெற்கே வந்தார்கள். பயணச் செலவுக்கு, தீட்டிய ஓவியங்களைப் பரிசாக வைத்து லாட்டரி நடத்தினார்கள். ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 144 படங்களைச் செப்புத் தகட்டில் அச்சிட்டார்கள்; குமரிமுனைப் படமும் அவற்றில் ஒன்று. தாமஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1837-இல் வில்லியம் போய்விட, மூன்று வருடம் கழித்துத் தொண்ணூறைக் கடந்த வயதில் அவரும் போனார்.

இனி உங்கள் படம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வானப் பகுதியைப் பாருங்கள். வரிசையாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் இக்கால ஆப்செட் அச்சு, ஆசைப்பட வேண்டாம். வறண்ட குளத்துச் சேறு வெடித்தாற்போல ஒழுங்கற்ற நுண்வலை தெரிந்தால் அக்வாடின்ட். தகட்டில் பிசின் பொடியை உருக்கி ஒட்டி, அமிலத்தால் அரித்த தடம் அது. படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருந்தால் இன்னும் நல்லது. ஓரத்தைக் கத்தரித்திருந்தால் அது போயிருக்கும், விலையும் குறையும். முதல் பதிப்பில் படம் மட்டும் ஏறக்குறைய 2 அடி அகலம். உங்களுடையது சிறியது என்றால் 1812–16 மறுபதிப்பாக இருக்கலாம்.

பழுப்புப் புள்ளிகளைத் தொடவே தொடாதீர்கள். ஈரத்துணி, பிளீச்சிங், செல்லோடேப், லேமினேஷன் எதுவும் கூடாது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் அடிக்கும். ஈரம் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சை நிச்சயம். பின்பலகையை மாற்றி அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள்; தாள் கண்ணாடியில் ஒட்டக் கூடாது. பழைய பலகையில் கடைச்சீட்டு ஏதும் ஒட்டியிருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும்: நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. துபாயில் இருக்கும் மச்சான் கேட்டாலும் சரி.