பவர் ஏத்துன பிக்கப்ல பின்வீலுக்கு கிரிப் ஏத்துறது எப்படி?

கேள்வி கேட்டவர் சொன்னது இதுதான்: பிக்கப்ல எஞ்சின் வேலை பண்ணியாச்சு, பின்னாடி ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல பிளாக்குங்கற கட்டைய வச்சு தூக்கியாச்சு, பெரிய டயரும் போட்டாச்சு, இப்ப முதல் கியர்ல மிதிச்சா பின்வீல் நின்ன இடத்துலயே சுத்துது, சில சமயம் பின்பக்கமே தட தடன்னு குதிக்குது, எந்த டயருக்கு மாறலாம்?

படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, பின்னாடியே வயித்தெரிச்சலும் வந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி நானும் இதையேதான் கேட்டேன், "எந்த டயர்"னு. ஆளாளுக்கு ஒரு டயர் பேர் சொன்னாங்க, அதுல ரொம்ப பேர் சொன்னத வாங்கி மாட்டினேன். குதிப்பு நின்னுச்சான்னு கேக்காதீங்க, கூடுச்சு.

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் கிடையாது, சொந்த வண்டிய சொந்த கையால கெடுத்து சொந்த கையால சரி பண்ணவன், அவ்வளவுதான். தொழில் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா திருத்துங்க, கேட்டுக்கறேன். ஆனா "பேசாம ஃபோர் பை ஃபோர் வாங்கியிருக்கலாமே"ன்னு சொல்ல வர்றவங்க தயவுசெஞ்சு அடுத்த கேள்விக்கு போயிடுங்க, இருக்கற வண்டிய வச்சு கேட்டா இல்லாத வண்டிய சொல்றது பதில் இல்ல.

நீங்க ரெண்டு வேற வேற வியாதிய ஒண்ணா சேத்து சொல்றீங்க. வீல் சுத்தறது ஒண்ணு, குதிக்கறது இன்னொண்ணு. சுத்தறது டயருக்கும் தரைக்கும் நடுவுல நடக்கற சமாசாரம், குதிக்கறது ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்ல அடுக்கா இருக்கற வளைஞ்ச இரும்புத் தகடு) நடுவுல நடக்கறது. இது புரியாம எத்தனை டயர் மாத்தினாலும் காசு போறதுதான் மிச்சம்.

என் கதைக்கு வரேன். வண்டி காலியா ஓடும்போது பின்னாடி தூக்கி தூக்கி போடுதுன்னு லீஃப் ஸ்பிரிங்ல ரெண்டு பட்டைய உருவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, மெத்தை மாதிரி ஆச்சு. ஆனா பட்டைய உருவினதும் பின்னாடி இறங்கிடுச்சு, அத தூக்க 3 இன்ச் பிளாக் வச்சேன். இடம் கிடைச்சதும் 29 இன்ச் டயர கழட்டிட்டு 33 இன்ச் மாட்டினேன். (போற போக்குல ஒரு விஷயம், டயர் பெருசானா கியர் ரேஷியோவும் மாறின மாதிரிதான். 3.73 ரேஷியோ, அதாவது ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்து, அது 33 இன்ச் டயர்ல 3.28 மாதிரி நடந்துக்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜமா 68ல போய்ட்டிருப்பீங்க. இத யாரும் எனக்கு சொல்லல.) அப்புறம் இழுவை பத்தலன்னு எஞ்சின் பவர ஏத்தினேன். ஒவ்வொண்ணும் முந்தின தப்ப சரி பண்ண செஞ்ச வேலை, கூட்டிப் பாத்தா மொத்தமும் ஒரே தப்பு.

அதுக்கு மேல மிதிச்சா சுத்துச்சு, நல்லா மிதிச்சா குதிச்சுச்சு. புது டயர் போட்டேன், சாஃப்ட் ரப்பர். சுத்தறது கொஞ்சம் குறைஞ்சுது, குதிப்பு கூடுச்சு. அப்புறம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டேன் (டிஃபரன்ஷியல்னா ஷாஃப்ட்ல வர்ற இழுவைய ரெண்டு பின்வீலுக்கும் பிரிச்சுக் கொடுக்கற கியர் பெட்டி, லிமிடெட் ஸ்லிப்னா ஒரு வீல் மட்டும் தனியா சுத்தறத குறைக்கற வகை). குதிப்பு இன்னும் கூடுச்சு! கிரிப்புக்கு காசு செலவழிக்க செலவழிக்க வண்டி குதிக்குதேன்னு எனக்கு பைத்தியம் பிடிக்காத குறைதான்.

மச்சான் ஒருத்தன் வீடியோ எடுக்கற ஆளு, அவன்தான் சொன்னான், "ஊர்ல இருக்கறவன் எல்லாரையும் கேக்கற, வண்டி அடியில என்ன நடக்குதுன்னு ஒரு தடவையாவது பாத்தியா?"ன்னு. டிஃபரன்ஷியல் மூக்கு இருக்குல்ல, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற இடம், அதுல வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு, பக்கத்துல சேஸிஸ்ல ஒரு கோடு. பழைய மொபைல் போன துணி சுத்தி, சேஸிஸோட குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர்ல இறுக்கிக் கட்டி ஸ்லோமோஷன்ல விட்டோம். ஆள் நடமாட்டமே இல்லாத காலி மைதானம், அடியில போனத் தவிர வேற எதுவும் யாரும் இல்ல, இத அழுத்தி சொல்றேன்.

அந்த வீடியோவ பாத்தப்ப நிஜமா வாய் பொளந்து உக்காந்துட்டேன். கிளட்ச விட்ட உடனே அந்த மூக்கு ரெண்டு விரக்கடைக்கு மேல எழும்புது. பட்டையோட முன்பாதி மேல வளையுது, பின்பாதி கீழ வளையுது, பாம்பு நெளியற மாதிரி. ஒரு அளவுக்கு மேல டயர் கிரிப்ப விடுது, விட்ட உடனே பட்டை விருட்டுன்னு நிமிருது, டயர் திரும்ப தரைய கடிக்குது, மூக்கு திரும்ப எழும்புது. இது ஒரு செகண்டுக்குள்ள பல தடவை. நாம குதிக்குதுன்னு சொல்றது இததான். கிரிப் கூடக் கூட ஏன் குதிப்பு கூடுச்சுன்னு அப்பதான் விளங்குச்சு, டயர் நல்லா கடிச்சா பட்டை இன்னும் அதிகமா முறுக்கும்ல.

ஏன் முறுக்குதுன்னா, ஆக்ஸில் டயர முன்னாடி சுத்தினா, ஆக்ஸிலோட வெளிக் கூட்டை அதே விசை பின்னாடி சுத்தப் பாக்கும். அத பிடிச்சு நிறுத்தறது வெறும் பட்டைதான், வேற எந்த ஆர்மும் கிடையாது. டயர் தரைய தள்ளற இடத்துக்கும் பட்டை உக்காந்திருக்கற இடத்துக்கும் நடுவுல எவ்வளவு உயரமோ அவ்வளவு நெம்புகோல். நான் என்ன பண்ணேன்? டயர பெருசாக்கி, பிளாக் வச்சு நெம்புகோல நீளமாக்கி, பட்டைய உருவி பிடிமானத்த குறைச்சு, அதுக்கு மேல பவரும் ஏத்தினேன். வேலியில போன ஓணான வேட்டிக்குள்ள விட்ட கதை.

இது ஏதோ நாம மட்டும் பண்ற முட்டாள்தனம்னு நினைக்க வேண்டாம். செவ்ரோலெட் கேமரோங்கற அமெரிக்க கார் முதல்ல 1967 மாடலா வந்தப்ப பின்னாடி ஒத்தை பட்டை ஸ்பிரிங், பவர் கூட உள்ள மாடல்ல இதே குதிப்பு. 1968 மாடல்ல பவர் கூடின வண்டிங்களுக்கு பல பட்டை கொடுத்து, ரெண்டு ஷாக் அப்சார்பர்ல ஒண்ண ஆக்ஸிலுக்கு முன்னாடியும் இன்னொண்ண பின்னாடியும் மாட்டினாங்க. மூக்கு எழும்பற ஆட்டத்த அது அமுக்கும். இன்னைக்கும் நிறைய பிக்கப்ல ஷாக் அப்சார்பர் அப்படி முன்னும் பின்னுமா இருக்கறத குனிஞ்சு பாத்தா தெரியும்.

சரி காரணம் தெரிஞ்சாச்சு, டிராக்ஷன் பார் போடலாம்னு இறங்கினேன். ஆக்ஸில்ல இருந்து சேஸிஸுக்கு ஒரு கம்பி, மூக்கு எழும்ப விடாம பிடிக்கும். நானே கட்டையான பைப் வாங்கி ரெண்டு முனையையும் அசையாம போல்ட் போட்டு இறுக்கினேன், பலமா இருக்கட்டுமேன்னு. குதிப்பு சுத்தமா நின்னுச்சு, ஒரு வாரம் நெஞ்ச நிமித்திக்கிட்டு திரிஞ்சேன். அப்புறம் ஒரு வேகத்தடையில டமார்னு சத்தம், சேஸிஸ் பக்கத்து பிராக்கெட் வெல்டிங்கோட கிழிஞ்சு தொங்குது. பட்டை மேலயும் கீழயும் போகும்போது ஆக்ஸில் நேரா ஏறி இறங்காது, கொஞ்சம் முன்ன பின்ன நகரும். ரெண்டு முனையையும் கட்டிப்போட்டா சஸ்பென்ஷன் எங்க போகும்? எதையாவது பிச்சுக்கிட்டுதான் போகும்.

ரெண்டாவது தடவை வெல்டிங் வேலை தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட கொண்டுபோனேன். பிஞ்ச பிராக்கெட்ட கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்தவர் "தம்பி, கைய கட்டிப்போட்டுட்டு ஓடச் சொல்லியிருக்க"ன்னார், அதுக்கு மேல ஒரு வார்த்தை திட்டல. ஆக்ஸில் பக்கம் கெட்டியா, சேஸிஸ் பக்கம் ஒரு சின்ன ஷாக்கிள் வச்சு ஆடற மாதிரி பண்ணிக் கொடுத்தார். அதுல சஸ்பென்ஷன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கலாம், மூக்கு மட்டும் எழும்ப முடியாது. பிளாக்க கழட்டி எறிஞ்சுட்டு உருவின பட்டைய திரும்ப சேத்தோம், பட்டைய ஆக்ஸிலோட சேத்துக் கட்டற யூ போல்ட்டெல்லாம் புதுசு. ஒரு தடவை இறுக்கின யூ போல்ட் நீண்டிருக்கும், அதையே திரும்ப போடாதீங்க, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஒரு தடவை டைட் செக் பண்ணுங்க. மூக்கு சாய்மானத்தயும் அளந்து ஆப்பு வச்சு சரி பண்ணார். கழட்டினப்ப, ஷாஃப்ட் முனையில மடங்கி சுத்தற கிராஸ் ஜாயிண்ட்ல பேரிங் கப்ப சுத்தி செங்கல் பொடி மாதிரி சிவப்பா துரு தூள் கொட்டிக் கிடந்துச்சு, ஊசி பேரிங் காய்ஞ்சுபோய் அரைபட்ட அடையாளம் அது. இன்னும் பத்து தடவை குதிக்க விட்டிருந்தா ஷாஃப்ட் ரோட்டுல கிடந்திருக்கும். உங்க வண்டியும் குதிக்குதுன்னா இன்னைக்கே குனிஞ்சு அத பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இப்ப சுத்தற வியாதி. இதுல நான் கத்துக்கிட்டது, காசு கேக்காத வேலைய முதல்ல முடிக்கணும். டயர் பக்கச் சுவர்ல போட்டிருக்கற காத்து அளவு அந்த டயர் தாங்கற உச்சம், உங்க வண்டிக்கான அளவு இல்ல. காத்து பிடிக்கற பையன் அத பாத்து 65 பிஎஸ்ஐ அடிச்சு விட்டிருந்தான், காலி வண்டியில டயர் பலூன் மாதிரி உப்பி நடுப்பகுதி மட்டும் தரையில பட்டுது. டயர் குறுக்க சாக்பீஸால கோடு போட்டு நேரா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க, நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து அதிகம். வண்டி கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கற அளவுல ஆரம்பிச்சு, டயர் சைஸ் மாறியிருந்தா சாக்பீஸ் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா பாருங்க. லோடு ஏத்தினா திரும்ப காத்து ஏத்தணும், இல்லன்னா டயர் சூடாகி வெடிக்கும். இங்க ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார் வந்து "உராய்வுக்கும் பரப்பளவுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொல்வார், தெரியும். அது மரக்கட்டைக்கு சரி, ரப்பர் அமுங்கற பொருள், ஒரே இடத்துல எடைய குவிச்சா அது அந்த கணக்குக்கு கட்டுப்படாது.

அடுத்தது எடை. காலி பிக்கப்ல மொத்த எடையில பாதிக்கு மேல முன்னாடிதான் உக்காந்திருக்கும், பின்வீல் பாவம் எத வச்சு தரைய கடிக்கும்? மணல் மூட்டை போடுங்க, ஆனா ஆக்ஸிலுக்கு நேர் மேல, இல்ல ஒரு சாண் முன்னாடி. எல்லாரும் கடைசி கதவோரம் போடறாங்க. 3 மீட்டர் வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம்) வண்டியில ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னாடி 150 கிலோ போட்டா பின்னாடி 200 கிலோ ஏறும்தான், ஆனா முன்வீல்ல 50 கிலோ குறையும், ஸ்டியரிங் லேசாகி திருப்பத்துல வண்டி நேரா போகப் பாக்கும். கட்டிப் போடுங்க மூட்டைய, பிரேக் அடிச்சா அது கேபினுக்குள்ள வர ஆசைப்படும்.

டிஃபரன்ஷியல் கடைசி. சாதா டிஃபரன்ஷியல் ரெண்டு வீலுக்கும் ஒரே அளவு முறுக்குதான் கொடுக்கும், எந்த வீல்ல கிரிப் கம்மியோ அதுதான் ரெண்டுக்கும் எல்லை. ஷாஃப்ட் சுத்தற முறுக்குல ஆக்ஸிலோட வலது பக்கம் லேசாகும், அதனாலதான் பெரும்பாலும் வலது டயர் மட்டும் சுத்தி ரோட்டுல கோடு போடும். லிமிடெட் ஸ்லிப் அத நல்லாவே சரி பண்ணுது, உள்ள கிளட்ச் தட்டு இருக்கற வகைன்னா ஆயில்ல கலக்க அதுக்குன்னு உள்ள அடிடிவ் ஊத்துங்க, நான் வெறும் கியர் ஆயில் ஊத்தி ஒவ்வொரு திருப்பத்துலயும் கர்ர் கர்ர்னு கேட்டு ஓட்டினேன். லாக்கர், அதாவது ரெண்டு வீலையும் ஒண்ணா பூட்டிடற டிஃபரன்ஷியல், சேறு, மணலுக்கு அருமை. ஆனா ஈர ரோட்டுல ரெண்டு வீலும் ஒண்ணா சுத்தினா வால் பக்கவாட்டுல போயிடும், ஒரு வீலாவது சும்மா உருண்டுட்டிருந்தாதான் வண்டிய நேரா பிடிக்கும். தினசரி ஓட்டற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன், சொல்றவங்க சொல்லிக்கலாம்.

ஈர ரோடுன்னதும் ஞாபகம் வருது, கேள்விக்கு சம்பந்தமில்லாததுதான், ஆனா எழுதாம தூக்கம் வராது. பிக்கப் வச்சிருக்கறவனுக்கு சொந்தக்காரங்க ஜாஸ்தி. எவன் வீடு மாத்தினாலும் "வண்டி சும்மாதானே நிக்குது"ன்னு ஒரு போன். எரிபொருள் போட்டுத் தர்றேன்னு வாயால சொல்வாங்க, முள்ளு ரிசர்வுல நிக்கறப்ப கொண்டுவந்து விடுவாங்க. சித்தப்பா பையன் பீரோ ஏத்த இடம் பத்தலன்னு என் மணல் மூட்டை நாலையும் இறக்கி வச்சுட்டு, வண்டிய விட்டப்ப வாயத் திறக்கல. மறுநாள் மழை, மூட்டை இருக்கற நினைப்புல நான் வழக்கம்போல திருப்பத்துல மிதிச்சேன், வால் அப்படியே வீசி எதிர் லேன் வரைக்கும் போயிட்டு வந்துச்சு. எதிர்ல யாரும் வரல, அதனால இத டைப் பண்ணிட்டிருக்கேன். கேட்டா "வெறும் மண்ணுதானே அண்ணே"ங்கறான்.

உங்களுக்கு சொல்ல வேண்டியது இவ்வளவுதான், டயர் கடைக்கு போறதுக்கு முன்னாடி அடியில போன் கட்டி வீடியோ எடுங்க. மூக்கு எழும்புதுன்னா பிளாக்கையும் பட்டையையும் பாருங்க, எழும்பலன்னா காத்து, எடை, டிஃபரன்ஷியல்னு அதே வரிசையில போங்க. வீடியோ கிடைச்சா இங்க போடுங்க, பாத்து சொல்றேன். பட்டைய உருவியிருக்கீங்களான்னும் சொல்லுங்க, கேள்வியில அத எழுதல, ஆனா உருவியிருப்பீங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மணல் மூட்டைக்கு இப்ப சங்கிலி போட்டு பூட்டியிருக்கேன், சாவி என் பாக்கெட்ல.