விமான நிலையத்தில் காத்திருக்கும் பயணிகளுக்குக் கண்காட்சியெல்லாம் தேவையா? சென்னை என்றால் எதை வைக்கலாம்?

கட்டாயம் வேண்டும். காரணம் என் அம்மா.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். முழங்கால் வலி, அதனால் சக்கர நாற்காலி. விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தவர், "இதெல்லாம் கோலம் மாதிரி இருக்கு இல்ல?" என்றார். சரியாகத்தான் சொன்னார். 2023-ல் திறந்த சென்னை விமான நிலையத்தின் அந்த முனையத்தின் வடிவமைப்பில் கோலமும் புடவையும் கோயிலும் கலந்திருக்கின்றன. பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் "கோலம் எப்படிப் போடுவாங்க பாட்டி?" என்று கேட்டுவிட்டான். அம்மா என் பேனாவை வாங்கி ஒரு காகிதத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். "ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, நாலுல நிறுத்து." நடுவரிசையில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு என்று வைத்து, கை எடுக்காமல் கோட்டை வளைத்துக்கொண்டே போனார். அரை மணி நேரம் அவன் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் அவன் அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

டெல்லி மூன்றாம் முனையத்தில் முத்திரை காட்டும் பெரிய கைச் சிற்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மும்பை இரண்டாம் முனையத்தில் ஒரு கலைக்கூடமே இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் 1980-லிருந்தே அருங்காட்சியகம் நடத்துகிறது. ஆனால் சென்னைக்கு வெளியூரிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை, விமான நிலையத்தைச் சுற்றி இருப்பதே போதும்.

விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்துக்கு அடுத்த ரயில் நிலையம் பல்லாவரம். அங்கே 1863 மே மாதம், சரளை தோண்டிய குழி ஒன்றில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அது. நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்துபோகும் சங்கதி. ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதேபோல் ஒரு கைக்கோடரியைச் செய்து, கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கும்படி வைக்கலாம்.

பக்கத்திலேயே திரிசூலம் மலைக் கல் ஒரு பலகை, பாதி கரடாக, பாதி மெருகேற்றி. அந்தக் கல்லுக்குச் சார்னொகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இதே வகைக் கல் என்பதால், 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். தினமும் மெட்ரோவில் இறங்கி அந்த மலையைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. 1802-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டருக்கு, நில அளவைக்கு அடிப்படையான ஒரு நேர்கோட்டை அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி, 57 நாள் வேலை. இந்தியாவையே முக்கோணங்களாகப் பிரித்து அளந்து இமயமலை வரை போன அந்தப் பெரிய நில அளவை தொடங்கிய கோடு இதுதான். முனையத்தின் தரையில் சரியாக 100 அடிக்கு ஒரு பித்தளைக் கோடு பதிக்க வேண்டும். குழந்தைகள் அதன்மேல் ஓடட்டும். அந்தப் பக்கம் போய் நின்றதும், இதைப் போல எத்தனை முறை நீட்டினால் 12 கிலோமீட்டர் வரும் என்று ஒரு கேள்வி எழுதியிருக்கட்டும்.

1932-ல் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். விமான நிலையத்தில் அதற்கும் ஒரு மூலை வேண்டும்தானே.

இவற்றையெல்லாம் செய்தால் விளக்கப் பலகையில் தமிழ் பெரிய எழுத்தில், முதலில் இருக்க வேண்டும். மகள் பிரசவத்துக்கும் பேரனைப் பார்க்கவும் முதல்முறை விமானம் ஏறும் அம்மாக்கள் இங்கே நிறைய. அவர்களில் பலர் சக்கர நாற்காலியில்தான் வருகிறார்கள். அதனால் பலகையை உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகப் பொருத்துங்கள்.